தலையோட இழுத்துப் போர்த்திப் படுக்கிறவங்க சிபேப் மாஸ்க்கை எப்படிச் சமாளிக்கிறீங்க?

ஆனையூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கேள்வியை டாக்டர்கிட்ட கேட்டேன், சிரிச்சுட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாரு. அதான் இங்க வந்துட்டேன்.

எனக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி, ஸ்லீப் ஆப்னியா. ஸ்லீப் ஸ்டடியில ஏ.எச்.ஐ, அதான் மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுதுங்கிற கணக்கு, 38. முப்பதைத் தாண்டினாலே தீவிரம்னுட்டாங்க. மாஸ்க் வழியா அழுத்தத்தோட காத்து ஊதுற சிபேப் மெஷின், தானா அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆட்டோ வகை, அழுத்தம் 6ல இருந்து 14 வரைக்கும் வச்சுக் குடுத்தாங்க. வாயைத் திறந்து தூங்குறதால மூக்கு வாய் ரெண்டையும் மூடுற ஃபுல் ஃபேஸ் மாஸ்க். மெஷின் மேல ஒரு குறையும் இல்ல. மத்தியானம் கடையில கல்லாப்பெட்டி மேல தலை சாயுறது நின்னு போச்சு.

பிரச்சனை போர்வை. சின்ன வயசுல இருந்து தலையோட இழுத்துப் போர்த்தினாத்தான் எனக்குக் கண்ணு சொருகும். சித்திரை வெயிலா இருந்தாலும் ஃபேன் அஞ்சுல சுத்தணும், நான் போர்வைக்குள்ள இருக்கணும். பத்தாததுக்குக் கொசு வேற. எங்க வீட்டுக்கு ஒரு பக்கம் கண்மாய், ஒரு பக்கம் சாக்கடை, சொல்லவே வேணாம்.

மாஸ்க்கோட மூடினா உள்ள ஒரே புழுக்கம். மாஸ்க் ஓட்டையில இருந்து வர்ற காத்து போர்வையில அடிச்சு ராத்திரி பூரா உஸ்ஸு உஸ்ஸுனு சத்தம். மூடாமப் படுத்தா தூக்கம் வரல. தூக்கத்துல நானே கழட்டித் தலைமாட்டுல வச்சுடுறேன் போல, காலையில பாத்தா அங்கன கிடக்கு.

உள்ள மூடிப் படுத்தா ஆபத்தா? ஆபத்து இல்லாம மூடிப் படுக்க வழி இருக்கா? அம்புட்டுதான் கேள்வி.

---

மேலூர் மாப்ள:

அண்ணே, நானும் அதே கேஸுதான். மாமியார் வீட்டுல மாஸ்க்கோட போர்வைக்குள்ள கிடந்தேன். உள்ள இருந்து சத்தம் வருதேன்னு மச்சினன் மகன் போர்வையைத் தூக்கிப் பாத்துட்டு வீடே எந்திரிக்கிற மாதிரி அலறிட்டான். அதுல இருந்து அந்த வீட்டுல என் பேரு யானை மாமா.

வழி தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.

---

தெற்குவாசல் பயில்வான்:

தம்பி, இது விளையாட்டு இல்ல. நாம விடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு இருக்கு. போர்வைக்குள்ள அது சேர்ந்துச்சுன்னா காலையில எந்திரிக்கவே மாட்டீங்க. மெஷினையும் வச்சுக்கிட்டுப் போர்வையும் போர்த்துறது ரெண்டு மடங்கு ஆபத்து. பேசாம மெஷினைக் கழட்டி ஓரமா வச்சுட்டு விடியக்காலம் மூச்சுப் பயிற்சி பண்ணுங்க. நம்ம தாத்தா காலத்துல யாரு மெஷின் மாட்டிக்கிட்டுப் படுத்தா?

---

மூச்சுக்காத்து:

நான் மதுரையில ஒரு தனியார் ஸ்லீப் லேப்ல டெக்னீசியன். டாக்டர் இல்ல. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், உங்க உடம்புக்கு உங்க டாக்டர் சொல்றதுதான்.

முதல்ல பயில்வான் அண்ணனுக்கு. தாத்தா காலத்துல யாரும் மாட்டலதான், ஏன்னா மெஷினே கிடையாது. சிட்னியில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் 1981ல தான் இதைப் பத்தி முதல் ஆய்வுக் கட்டுரை போட்டாரு. வாக்வம் கிளீனர் மோட்டாரை வச்சுக் காத்தை ஊதி, மாஸ்க்கைப் பசை போட்டு மூக்குல ஒட்டிப் படுக்க வச்ச காலம் அது. அதுக்கு முன்னாடி தீவிர நோயாளிங்களுக்குத் தொண்டையில ஓட்டை போடுறதுதான் வைத்தியம். மூச்சுப் பயிற்சி நல்லதுதான் அண்ணே, செய்யட்டும். ஆனா ஏ.எச்.ஐ 38ன்னா மணிக்கு 38 தடவை மூச்சு நிக்குது, இல்லாட்டி குறையுதுன்னு அர்த்தம். அவரை மெஷினைக் கழட்டச் சொல்லாதீங்க.

இப்ப போர்வைக்கு வர்றேன்.

சிபேப் ஆக்சிஜன் மெஷின் இல்ல. ரூமுல இருக்குற காத்தையே இழுத்து, ஃபில்டர்ல விட்டு, அழுத்தத்தோட குழாய்ல அனுப்புது. அந்த அழுத்தம் தொண்டைச் சதை அமுங்கிடாமத் தாங்குது. உள்ள போற குழாய் ஒண்ணுதான். அப்ப நாம விடுற மூச்சு எங்க போகும்? மாஸ்க்ல வரிசையாப் பொடி ஓட்டைங்க இருக்குல்ல, அது வழியா. சிலதுல ஓட்டைக்குப் பதிலா வலை மாதிரி இருக்கும். அழுத்தம் 10ல ஓடும்போது நிமிஷத்துக்குச் சுமார் 30 லிட்டர் காத்து அது வழியா வெளிய போய்க்கிட்டே இருக்கும். உங்களுக்குக் கேக்குற உஸ்ஸு அதுதான். அது கோளாறு இல்ல, அப்படி வைக்கணும்னுதான் வச்சது.

போர்வை மேல லேசா கிடந்தா என்ன ஆகும்? நீங்க இழுக்குற காத்து போர்வைக்குள்ள இருந்து வரல, மெஷின் இருக்குற இடத்துல இருந்து வருது. மாஸ்க் ஒட்டி இருக்குற வரைக்கும், மெஷின் ஓடுற வரைக்கும், போர்வைக்குள்ள தேங்குற காத்து உங்க மூக்குக்குப் போறதில்ல. சொல்லப்போனா பயில்வான் அண்ணன் சொன்ன விஷயம் மாஸ்க் இல்லாமத் தலையை மூடுறவங்களுக்குத்தான் இன்னும் பொருத்தம்.

ஆனா துணி அந்த ஓட்டை மேலயே ஒட்டி அழுத்திக்கிட்டா கதை வேற. வெளிய போக வேண்டியது சரியாப் போகாது, விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீங்க. கனமான கம்பளி, ரஜாய், குப்புறப் படுத்துத் தலகாணியில மூஞ்சியைப் புதைக்கிறது, இதெல்லாம் அந்தக் கணக்கு. எந்தக் கம்பெனி மேனுவலை எடுத்தாலும் ஓட்டையை மூடாதேன்னு போட்டிருக்கும்.

இன்னொண்ணு கரண்ட் போறது. மெஷின் நின்னுட்டா புதுக் காத்து வராது. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்ல இதுக்குன்னே ஒரு வால்வு இருக்கு. அழுத்தம் நின்னதும் தானாத் திறந்து வெளிக்காத்தை உள்ள விடும். ஆனா வெளிக்காத்துங்கிறது அந்த நேரம் போர்வைக்குள்ள இருக்குற காத்துதானே? அதனால வால்வையும் மூடக்கூடாது. மூக்கு மாஸ்க்ல அந்த வால்வு கிடையாது, வாயைத் திறந்து மூச்சு விடுறதுதான்.

நுரையீரல் நோய் இருக்குறவங்க, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கூடுதலா இருக்குன்னு டாக்டர் சொன்னவங்க, தூக்க மாத்திரை போடுறவங்க, இவங்க யாரும் மாஸ்க் மேல துணி போடவே வேணாம். மத்தவங்களும் காலையில தலைவலியும் மந்தமுமா எந்திரிச்சா உடனே கவனிங்க. மாஸ்க் லீக், அழுத்தம் பத்தாம இருக்குறது, இதுக்கும் அதே அறிகுறி வரும்.

---

கரண்ட்டுக்காரன்:

கரண்ட் பேச்சு வந்துருச்சு, நான் வராம இருக்க முடியுமா.

உங்க அடாப்டர்ல எத்தனை வாட்னு பாருங்க, 65 இல்லாட்டி 90 இருக்கும். அது உச்சக் கணக்கு. காத்தை ஈரமாக்க வெந்நீர் போடுற ஹியூமிடிஃபயரும் சூடாகுற குழாயும்தான் கரண்டைத் தின்னும். ரெண்டையும் அணைச்சுட்டா வெறும் ஊதுற மோட்டாருக்கு ஆகுறது கொஞ்சம்தான். வீட்டு இன்வெர்ட்டர்ல ஃபேனோட சேர்த்து விடிய விடிய தாங்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரா இருக்கட்டும், பழைய ஸ்கொயர் வேவ்ல அடாப்டர் சூடாகி இரையும்.

மாசாந்திர பராமரிப்பு மின்தடை பகல்லதான் வரும். ராத்திரி போறது மழைக்கும் காத்துக்கும்தான். பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கான்னு ஒரு தடவை மெயினை இறக்கிப் பாத்துருங்க. நிறைய வீட்டுல லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் குடுத்திருப்பாங்க.

---

திருநகர் டீச்சர்:

தம்பி, ஆபத்தா இல்லையா என்பதை மூச்சுக்காத்து தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பல வருஷமாக மாஸ்க்கோடு தூங்குகிறவள், நானும் போர்த்துகிற ஆள்தான். என் வழியைச் சொல்கிறேன்.

எதற்காகத் தலையை மூடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். வெளிச்சத்துக்கா, ஃபேன் காற்றுக்கா, கொசுவுக்கா, இல்லை காதும் நெற்றியும் மூடியிருந்தால்தான் பாதுகாப்பு என்ற நினைப்பா? எனக்குக் கடைசி. மூக்கை மூட வேண்டும் என்று நம்மில் யாருக்கும் ஆசை கிடையாது. ஒரே போர்வையால் எல்லாவற்றையும் மூடுகிறோம், அதனால் மூக்கும் உள்ளே போய்விடுகிறது.

ஆகவே துணியை இரண்டாகப் பிரித்தேன். உடம்புக்கு வழக்கமான போர்வை, தோள் வரை, மிஞ்சினால் கழுத்து வரை. தலைக்குத் தனியாக ஒரு துணி. பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து ஒரு கெஜம் எடுத்துக்கொண்டேன். நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்துபோன நூல் சேலையாக இருக்க வேண்டும், புதுசு ஆகாது, கஞ்சி மொடமொடப்பு இருக்கும். மாஸ்க்கை மாட்டி, வார் எல்லாம் சரி செய்த பிறகு, துணியை உச்சந்தலையில் போட்டு நெற்றி, கண், காது மூடுகிற மாதிரி இறக்கி, இரண்டு ஓரத்தையும் கன்னத்தின் பக்கமாகக் கொண்டுவந்து தலகாணிக்கும் தோளுக்கும் நடுவில் செருகிவிடுவேன். மூக்குத்தண்டில் மாஸ்க் ஆரம்பிக்கிற இடத்தோடு துணி நின்றுவிடும். கீழே போர்வை, மேலே துணி, நடுவில் மாஸ்க் மட்டும் வெளியே. காது அடைத்துவிடும், கண் இருட்டாகிவிடும், முழுக்கப் போர்த்திய நினைப்பு வந்துவிடும்.

திரும்பிப் படுக்கும்போது துணி நகரும்தான். ஆனால் தனித் துணி என்பதால் விலகிப் போகுமே தவிர, கனமான போர்வை மாதிரி மாஸ்க்கின் மேல் வந்து உட்காராது.

அடுத்தது குழாய். மூக்குக்கு நேராகக் குழாய் தொங்குகிற மாஸ்க்கில் போர்வை என்ன செய்தாலும் இடிக்கும். உச்சந்தலையில் குழாய் மாட்டுகிற மாதிரி மாஸ்க்குகள் வந்துவிட்டன. பிலிப்ஸில் ட்ரீம்வேர், ரெஸ்மெட்டில் பி30ஐ, என்30ஐ, வாயையும் மூடுவது வேண்டுமானால் எஃப்30ஐ. இதில் காற்று கன்னத்தின் இரண்டு பக்கமும் உள்ள சட்டம் வழியாக இறங்கும், முகத்துக்கு முன்னால் குழாய் இருக்காது. குழாய் தலைமாட்டுப் பக்கம் போய்விடுவதால் போர்வையை எவ்வளவு இழுத்தாலும் சிக்காது. நான் இதற்கு மாறிய பிறகுதான் ஒருக்களித்துப் படுக்கவே முடிந்தது. ஒருக்களித்துப் படுத்தால் பலருக்கு மூச்சு நிற்பதும் குறையும், மல்லாந்து படுப்பதுதான் மோசம்.

---

மேலூர் மாப்ள:

டீச்சர், ரெண்டு துணி ஐடியா அருமை. ஆனா கொசு? அந்த நடுவுல இருக்குற இடைவெளியில வந்து கடிக்குமே.

---

மூச்சுக்காத்து:

கொசு நம்மளைத் தேடி வர்றதே நாம விடுற கார்பன் டை ஆக்சைடை மோப்பம் பிடிச்சுத்தான். மாஸ்க் ஓட்டை அதைத்தான் வெளிய ஊதுது. அதனால வரும், தடுக்க முடியாது.

கொசுவுக்காக மூடுறவங்க கொசுவலை கட்டுங்க. இதுதான் என் முதல் சிபாரிசு, மாஸ்க் மாத்துறதுக்கும் முன்னாடி. வலையில காத்து தாராளமாப் போகும் வரும், எதுவும் தேங்காது. மெஷின் வலைக்கு வெளிய இருக்கட்டும், குழாயை மட்டும் மெத்தைக்கும் வலைக்கும் நடுவுல விட்டு வலை ஓரத்தைச் செருகிடுங்க. வலைக் கம்பியில ஒரு நாடா கட்டிக் குழாயைத் தொங்க விட்டா அது உங்க மேல புரளாது. கடையில விக்கிற ஹோஸ் ஸ்டாண்டு செய்யுற வேலையும் அதுதான்.

ஒரு முக்கியமான விஷயம். கொசுவத்திச் சுருளையோ சாம்பிராணியையோ மெஷின் பக்கத்துல வைக்காதீங்க. மெஷினோட பின்னாடியோ பக்கவாட்டுலயோ காத்து இழுக்குற வாய் இருக்கும். அது ரூமுல இருக்குற எதையும் இழுத்து நேரா உங்க மூக்குல விடும். அந்தச் சின்ன ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், புகையைப் பிடிக்காது. பிளக்குல மாட்டுற லிக்விட் மருந்தும் மெஷின் பிளக்குக்குப் பக்கத்துப் பிளக்குலதான் பல வீட்டுல இருக்கு. எதிர்ச் சுவத்துக்கு மாத்துங்க.

---

உசிலம்பட்டி மருமக:

நான் எனக்காகக் கேக்கல, எங்க அத்தைக்காக. வயசு அறுபத்தெட்டு. கட்டில்ல படுக்க மாட்டாங்க, தரையில பாய் விரிச்சாத்தான் தூக்கம். முந்தானையை எடுத்து மூஞ்சியோட மூடிக்கிட்டுத்தான் படுப்பாங்க. மாஸ்க் போட்ட பெறகும் முந்தானை மூடணுமாம். மெஷினைப் பாய்க்குப் பக்கத்துல தரையிலயே வச்சிருக்கோம். டீச்சரக்கா சொன்ன தலைத்துணியை நாளைக்கே செஞ்சு பாக்குறேன்.

இதோட இன்னொரு சந்தேகம். படுக்கும்போது நெத்தி நிறையத் திருநீறு பூசிக்குவாங்க, தலையில நல்லெண்ணெய் இல்லாட்டி தேங்காயெண்ணெய். மாஸ்க் வழுக்கிக்கிட்டே இருக்கு. வாரை இறுக்கினா மூக்குத்தண்டுல செவந்து போகுது. இறுக்கவா வேணாமா?

அவங்களுக்குப் பேஸ்மேக்கர் வச்சிருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

---

மூச்சுக்காத்து:

அக்கா, கடைசியா சொன்னதுக்கு முதல்ல பதில் சொல்றேன். மாஸ்க் வாரை மாட்டுற கிளிப்புல காந்தம் இருக்கான்னு இப்பவே பாருங்க. பக்கத்துல கொண்டுபோனாலே டக்குனு தானா ஒட்டிக்கிச்சுன்னா காந்தம். பேஸ்மேக்கர் இருக்குறவங்களுக்கு அது ஆகாது. 2022லயும் 2023லயும் கம்பெனிங்களே எச்சரிக்கை விட்டிருக்காங்க, காந்தத்துக்கும் பேஸ்மேக்கருக்கும் நடுவுல குறைஞ்சது 15 சென்டிமீட்டர் இருக்கணும்னு. தூக்கத்துல கழட்டி நெஞ்சு மேல வச்சுக்கிட்டா அந்த இடைவெளி இருக்காது. கூடவே படுக்கிற வீட்டுக்காரருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே கணக்குத்தான். டாக்டர்கிட்டச் சொல்லிக் காந்தம் இல்லாத மாடலுக்கு மாத்திடுங்க.

வாரை இறுக்காதீங்க. வழுக்குறது எண்ணெயால, வார் தளர்ந்ததால இல்ல. படுக்கப் போறதுக்கு முன்னாடி மூஞ்சியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சுட்டு மாட்டச் சொல்லுங்க. மாஸ்க்கோட சிலிக்கான் ஓரத்தையும் தினம் காலையில மிதமான சோப்புத் தண்ணியில கழுவி நிழல்ல காய வைக்கணும். எண்ணெய் பட்டா சிலிக்கான் சீக்கிரம் உப்பிப் போகும், வார்ல இருக்குற எலாஸ்டிக்கும் தொய்ஞ்சிடும். தலைக்கு எண்ணெய் காலையில வச்சுக்கட்டும். திருநீறுத் தூள் அந்தப் பொடி ஓட்டைங்கள்ல அடைச்சுக்கும், அதையும் பழைய மெத்துனு இருக்குற பல் பிரஷ்ஷால தட்டி விடுங்க. போர்வை மூடுறதுக்கும் ஓட்டையில அழுக்கு அடைக்கிறதுக்கும் விளைவு ஒண்ணுதான்.

தரையில மெஷின் வைக்கலாம், ஆனா வெறுந்தரையில வேணாம். பெருக்குற தூசி, முடி எல்லாம் இழுக்கும். ஒரு சின்ன மணை மேல வைங்க. உசரம் அவங்க தலையை விட மேல போயிடக் கூடாது, ஹியூமிடிஃபயர் தண்ணி குழாய் வழியா மூக்குக்கு இறங்கிடும். முந்தானை, போர்வை எதுவும் மெஷின் மேல விழாமப் பாத்துக்கங்க. மெஷின் வாய் அடைபட்டாலும் மோசம், மோட்டார் சூடாகும், காத்தும் குறையும்.

---

திருநகர் டீச்சர்:

மருமகளே, அத்தைக்கு ஒரு யோசனை. திருநீறை இடட்டும், விட்டுவிடச் சொல்லாதே, சொன்னால் மாஸ்க்கைத்தான் விட்டுவிடுவார்கள். நெற்றியில் வார் ஏறாத மாதிரி மாஸ்க் கேட்டு வாங்கு. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க்கில் நெற்றிக்கு எதுவும் வராது. வாயை மூடித் தூங்குகிறவராக இருந்தால் சரிப்படும்.

---

தெற்குவாசல் பயில்வான்:

எல்லாம் சரி. எனக்கு ஒரு கேள்வி. மீசை வச்சவன் என்ன பண்றது? எங்க அண்ணனுக்கு மாஸ்க் குடுத்தாங்க, மீசை வழியா எல்லாக் காத்தும் கண்ணுக்குப் போகுதாம். மீசையை எடுங்கன்னாங்களாம். அவரு மாஸ்க்கை எடுத்துட்டாரு.

---

மேலூர் மாப்ள:

பயில்வான் அண்ணே வழிக்கு வந்துட்டாரு! அண்ணனுக்காகக் கேக்குறீங்களா, உங்களுக்கா?

---

மூச்சுக்காத்து:

மீசையை எடுக்க வேணாம்ணே. மதுரையில அதைச் சொன்னா யாரு லேப் பக்கம் வருவா. டீச்சர் சொன்ன மூக்குத் துவார மாஸ்க், நேசல் பில்லோன்னு கேளுங்க, துவாரத்துலயே உட்காரும், பெரும்பாலான மீசைக்குத் தொந்தரவு இல்ல. கண்ணுக்குக் காத்து போறதைச் சும்மா விடக்கூடாது, கண்ணு காஞ்சு எரிச்சல் வரும்.

---

ஆனையூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு துணி முறையைச் செஞ்சு பாத்தேன். வீட்டம்மா பழைய சேலை ஒண்ணு குடுத்தாங்க. காதை மூடினதுமே பாதித் தூக்கம் வந்துருச்சு, நெசமாத்தான். மாஸ்க்கைக் கழட்டி எறியுறது குறைஞ்சிருக்கு, சுத்தமா நிக்கல. விடியக்காலம் குளிர் எடுக்கும்போது கையி தன்னால போர்வையை மேல இழுத்துருது.

கொசுவலை இன்னும் கட்டல. கட்டில் பக்கத்துல கம்பி கட்ட எடம் இல்ல, கூடாரம் மாதிரி மடக்குற வலை பாக்கச் சொல்லிருக்கேன்.

வீட்டம்மா ஒரு புகார் குடுக்கச் சொன்னாங்க. மாஸ்க் ஓட்டைக் காத்து நேரா அவங்க கழுத்துல அடிக்குதாம். முன்னாடி போர்வைக்குள்ள அடிச்சது, இப்ப வெளிய வந்துருச்சு. குறட்டையே தேவலாம்னு சொல்றாங்க.

படுத்ததும் முதல் பத்து நிமிஷம் மூச்சு முட்டுற மாதிரி இருக்கு, அப்பறம் சரியாகுது. அது போர்வையாலயா?

---

மூச்சுக்காத்து:

முதல் பத்து நிமிஷம் முட்டுறது அநேகமா ராம்ப். தூங்குற வரைக்கும் அழுத்தம் 4ல ஆரம்பிச்சு மெதுவா ஏறுற மாதிரி வச்சிருப்பாங்க. 4ல ஓட்டை வழியாப் போற காத்தும் கம்மி, ஃபுல் ஃபேஸ் மாஸ்க்ல பலருக்கு அது பத்தாம முட்டும். அதோட போர்வையும் சேர்ந்தா கேக்கவே வேணாம். ராம்ப் ஆரம்பத்தை 6க்கு ஏத்தலாமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைக்கிற வசதியும் இருக்கு, ரெஸ்மெட் மெஷின்ல இ.பி.ஆர்னு மெனுவுல இருக்கும், அதையும் கேளுங்க.

உங்க வீட்டம்மாவுக்கு: ஓட்டை ஒரே பக்கமா இல்லாமப் பரவலா ஊதுற மாடல் மாஸ்க் உண்டு, சத்தமும் கம்மி. அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நீளத் தலகாணி. அண்ணன் ஓட்டை மேல துணி கட்டாம இருந்தாச் சரி.

---

வத்தலகுண்டு பஸ்:

இதுவரைக்கும் எல்லாரும் மதுரைச் சூட்டைப் பத்தியே பேசுறீங்க. எனக்கு வேலை கொடைக்கானல்ல, வாரக் கடைசிக்குத்தான் மதுரை. மேல படுக்கும்போது பிரச்சனையே வேற. நடுராத்திரி குழாய்க்குள்ள களக் களக்னு சத்தம், திடீர்னு மூக்குல சில்லுனு தண்ணி. போர்வைக்குள்ள எல்லாம் நனைஞ்சு போகும். மலை உசரத்துக்கு மெஷின் அழுத்தம் மாறுமான்னு வேற சந்தேகம்.

---

மூச்சுக்காத்து:

உசரத்தைப் பத்திக் கவலை வேணாம். கொடைக்கானல் ஏழாயிரம் அடி. இப்ப வர்ற ஆட்டோ மெஷின் பெரும்பாலும் அந்த உசரத்துக்குத் தானாச் சரிபண்ணிக்கும். பழைய மெஷின்னா மேனுவல்ல பாருங்க.

தண்ணி வர்றதுக்குக் காரணம் குளிர். ஹியூமிடிஃபயர்ல இருந்து வெதுவெதுப்பா, ஈரமா வர்ற காத்து, குளிர்ந்த ரூமுல ஆறடிக் குழாயைக் கடக்குறதுக்குள்ள ஆறிப் போய் உள்ளயே தண்ணியா இறங்கிடுது. மதுரையில ஏ.சி.யை 20ல வச்சுப் படுக்கிறவங்களுக்கும் இதே கதை. அவங்க 25க்கு ஏத்தினாலே பாதி சரியாகும்.

இங்கதான் போர்வை உங்களுக்கு உதவும். குழாயைப் போர்வைக்குள்ள விட்டுப் படுங்க. மூஞ்சி வெளிய, குழாய் உள்ள. உடம்புச் சூட்டுல குழாய் ஆறாது. உச்சந்தலைக் குழாய் மாஸ்க்குக்கு இது முடியாது, அதுக்குக் குழாய் மேல துணி உறை மாட்டுங்க. ஹியூமிடிஃபயர் அளவை ஒண்ணு ரெண்டு குறைச்சுப் பாருங்க. மெஷின் தலைமட்டத்துக்குக் கீழ இருந்தா இறங்குற தண்ணி மெஷின் பக்கமாத் திரும்பிடும். எதுவும் சரிப்படலேன்னா சூடாகுற குழாய் வாங்கணும், உங்க மெஷினுக்குப் பொருந்துமான்னு பாத்து வாங்குங்க.

---

திருநகர் டீச்சர்:

தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. ஹியூமிடிஃபயரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத் தண்ணீருக்குச் சில நாளிலேயே தொட்டியின் அடித்தட்டு வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். மருந்துக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவது வேண்டாம். மிச்சத்தைக் காலையில் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

---

வாடிப்பட்டி ஓய்வு:

குறுக்க ஒரு கேள்வி, மன்னிக்கணும். தெரிஞ்சவரு ஒருத்தரு பழைய மெஷின் ஒண்ணைப் பாதி விலைக்குத் தர்றேங்கிறாரு. வாங்கலாமா?

---

மூச்சுக்காத்து:

மாடலையும் வருஷத்தையும் பாருங்க சார். பிலிப்ஸ் 2021 ஜூன்ல பழைய ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட நிறைய மெஷினைத் திரும்பப் பெறுறதா அறிவிச்சாங்க, உள்ள சத்தம் குறைக்க வச்ச ஃபோம் சிதைஞ்சு மூச்சுக்காத்துல கலக்கலாம்னு. அந்த வகைன்னா தொடவே வேணாம். வேற மாடல்னாலும் மாஸ்க், குழாய், ஃபில்டர் புதுசுதான் வாங்கணும், அழுத்தம் உங்க ஸ்டடிப்படி மாத்தி வைக்கணும். இதுக்கு மேல தனி இழை போடுங்க, பேசலாம்.

---

உசிலம்பட்டி மருமக:

அத்தை கிளிப்புல காந்தம் இருந்துச்சு. டாக்டர்கிட்டப் பேசி மாத்தியாச்சு, காந்தம் இல்லாதது வந்துருச்சு. விக்கிறப்ப ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல, பில்லுல மட்டும் எல்லாம் விவரமா இருக்கு.

தலைத்துணிக்கு முதல்ல ஒத்துக்கல. அவங்க சேலையிலயே கிழிச்சுக் குடுத்ததும் வாங்கிக்கிட்டாங்க. இப்ப முந்தானை இடுப்போட நிக்குது.

---

வத்தலகுண்டு பஸ்:

குழாய்க்கு உறை கடையில கேட்டா, இல்லேங்கிறாங்க, ஆன்லைன்ல விலை சொல்றது அநியாயமா இருக்கு. யாராவது தைச்சிருக்கீங்களா?

---

திருநகர் டீச்சர்:

நான் தைத்துத்தான் வைத்திருக்கிறேன். மீனாட்சி கோயில் எதிரே இருக்கும் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். சாமிக்குத் தைப்பதா, ஆளுக்குத் தைப்பதா என்று கேட்டார், குழாய்க்கு என்றதும் ஒரு பார்வை பார்த்தார். உங்களுக்குக் குளிருக்கு என்பதால் நூல் துணி பத்தாது, மெல்லிய ஃபிளீஸ் துணி கேளுங்கள்.

அளவு: குழாயை நூலால் சுற்றி அளந்து, அதோடு இரண்டு விரற்கடை சேர்த்து அகலம். நீளத்தில் குழாயை விட ஒரு சாண் குறைவாக வெட்டச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் இணைப்பு வெளியே தெரிய வேண்டும், கழற்றி மாட்ட வசதி.

---

மேலூர் மாப்ள:

ஜிப்பா வெல்க்ரோவா டீச்சர்?

---

திருநகர் டீச்சர்:

ஜிப் வேண்டாம், குழாயைச் சுரண்டும். வெல்க்ரோவும் திரும்பிப் படுக்கும்போது சர்ரென்று சத்தம் போடும், பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார். ஒரே குழலாகத் தைத்து, முனையில் நாடா கோத்துக் கட்டிவிடுங்கள். துவைக்கும்போது குழாயை உருவிவிட்டால் போதும்.

---

வத்தலகுண்டு பஸ்:

சரிங்க டீச்சர். சனிக்கிழமை கீழ இறங்கும்போது துணியோட போறேன்.